ஆலைத் தண்டுக்குள் புகுந்த ஹைட்ரஜன்

வெல்டர் சின்னப்பராஜ், கரும்பாலை குள்ளம்மாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். வாங்கியது அறுபத்தெட்டாம் வருஷம். அந்தப் பணத்துக்கு அப்போது நல்ல உழவு மாடாகவே இரண்டு ஜோடி பிடித்துவிடலாம். அவன் மாடு பிடிக்கவில்லை. பெங்களூருக்குப் போய், ஒரு பழைய வெல்டிங் செட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டுக்கு வந்து இறங்கினான்.

கடனுக்கு வட்டி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கட்டு இருந்தது. கடன் தீரும்வரை குள்ளம்மாள் ஆலையில் எது உடைந்தாலும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அங்கே வரவேண்டும், கூலி கேட்கக்கூடாது. அவன் பார்த்த வேலை சரியில்லாமல் ஆலை நின்றுபோனால் செட் குள்ளம்மாளுக்குச் சேர வேண்டும். இவன் யோசிக்காமல் தலையாட்டினான். தான் வைத்த ஒட்டு விட்டுப்போகும் என்று அவன் கனவில்கூட நினைத்ததில்லை.

நினைக்காததற்குக் காரணம் உண்டு. சின்னப்பராஜ் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கிருஷ்ணகிரி அணை கட்டியபோது பதினாறு வயதில் சிமெண்டு மூட்டை தூக்கப் போனவன், அங்கே ஒரு வெல்டருக்குக் கேபிள் பிடித்து நின்றான். அந்த மனிதர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் மட்டும் வெல்டிங் ராடைத் தொட்டுப் பார்ப்பான். அவர் ஒரு நாளைக்கு ஒன்பது டீ குடிப்பவர். அணை முடிவதற்குள் சின்னப்பராஜ் தொழிலை முழுசாகக் கற்றுக்கொண்டான். எந்தக் காலேஜில் இப்படிக் கற்றுத்தருவார்கள்? சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி ஜில்லாவானபோது, ஜில்லாவில் நல்ல வெல்டர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். சின்னப்பராஜைக் கேட்டால் ஒரு விரலே போதும் என்பான்.

அவன் வாங்கும் ராடும் லேசுப்பட்டதல்ல. இருப்பதிலேயே விலை கூடியது, பெங்களூர்ச் சரக்கு. பெட்டியின் மேலே சிவப்பு மையில் நான்கு வரி இங்கிலீஷ் அச்சடித்திருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தே இது அசல் என்று அவன் கண்டுகொள்வான். வரிகளில் என்ன இருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

அசல் சரக்குக்கு அவன் செய்த மரியாதையும் அசலானது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வருவான். தினமும் காலையில் செட்டைத் தொட்டுக் கும்பிட்டு, சிலுவை போட்டு, ராடுகளின் மேல் அந்தத் தண்ணீரை மூன்று தரம் தெளித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். கேட்டுக் கம்பி, வண்டிப் பட்டை, ஏர்க்கொழு என்று சின்னச் சின்ன இரும்பையெல்லாம் இப்படித்தான் ஒட்டினான். எதுவும் விட்டதில்லை. ஆகவே தண்ணீரின் மகிமையில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் மார்கழி பிறந்ததும் குள்ளம்மாள் ஆலையில் கரும்பு பிழியும் உருளையின் இரும்புத் தண்டு உடைந்தது.

குள்ளம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் குனிந்து தேட வேண்டியதில்லை. நிலைவாசலில் அவள்தான் குனிந்து வருவாள். புருஷன் போன பிறகு பன்னிரண்டு ஏக்கர் கரும்பையும் ஆலையையும் தனியாளாகக் கட்டி மேய்த்தவள். பொங்கலுக்கு அவள் ஆலை வெல்லம் மொரப்பூரில் ரயிலேறும். அதற்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது. புதுத் தண்டு வேண்டுமென்றால் ஒரு மாதம் ஆகும். பொங்கலுக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது.

சின்னப்பராஜ் வந்தான். முழங்கை கனத்துக்கு இருந்த தண்டைச் சுற்றிலும் அராவி, தண்ணீர் தெளித்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து ஒட்டினான். ஒட்டு கயிறு திரித்த மாதிரி வரிவரியாக விழுந்தது. பார்த்தவர்கள் தடவிப் பார்த்தார்கள். அவன் நடையில் கொஞ்சம் அகலம் கூடியது.

மறுநாள் காலையில் தண்டை மாட்டலாம் என்று நான்கு பேர் கை வைக்கும்போது இரும்புக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. யாரும் தட்டவில்லை, யாரும் தூக்கவில்லை. ஒட்டின் ஓரமாக முடியிழை போல ஒரு கோடு ஓடியது. சின்னப்பராஜ் சுத்தியலால் மெல்லத் தொட்டான். தண்டு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் உருண்டது.

உடைந்தால் வேலை செய்யும்போது உடையவேண்டும். சும்மா படுத்துக்கிடக்கிற இரும்பு தானாக உடைந்தால் அதற்கு என்ன சொல்வது? கண்பட்டுவிட்டது என்றான் அவன். இரண்டாம் முறை ஒட்டியபோது மூன்று தெளிப்பு ஏழு தெளிப்பாயிற்று. இந்தத் தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குள்ளேயே டிக்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி ராஜமேரி ஒரு யோசனை சொன்னாள். மார்கழிக் குளிரில் ராடு விறைத்துப்போயிருக்கும், சூடு காட்டினால் சரியாகும் என்றாள். யோசனை நல்ல யோசனைதான். அடுப்பில் நேராக ஒரு ராடை வாட்டிப் பார்த்தார்கள். மேல்பூச்சு கருகிப் பொலபொலவென்று உதிர்ந்தது. பக்குவமாகச் சூடு ஏறவேண்டும், கருகவும் கூடாது. அப்படிச் சூடேற்றுகிற ஒரே சாமான் ராஜமேரியின் சமையலறையில் இருந்தது. இட்லிப் பானையில் தட்டை எடுத்துவிட்டு, துணியில் ராடுகளைப் பொதிந்து வைத்து, கால் மணி நேரம் ஆவியில் வேகவைத்தார்கள்.

வெந்த ராடைக் கொண்டு ஒட்டிய மூன்றாவது ஒட்டு அவன் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே பிளந்தது.

குள்ளம்மாள் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் பயம்.

"சின்னப்பா, பொங்கலுக்கு ஆலை ஓடணும். ஓடலீன்னா மாட்டுப் பொங்கலன்னைக்கு பென்னாகரத்து நஞ்சப்பன் வண்டி கட்டியாந்து செட்ட ஏத்திக்குவான். வெல பேசி முடிச்சாச்சு."

"அக்கா, அது என் உசுருங்க."

"எனக்கு இந்த ஆலதான் உசுரு. ஒன்னு நின்னா இன்னொன்னும் நிக்கட்டும்."

அந்த வாரம்தான் குள்ளம்மாளின் மருமகன் சென்னப்பன் தலைப்பொங்கலுக்கு வந்து சேர்ந்தான். பெங்களூரில் இரும்பை ஆராய்கிற ஏதோ ஒரு கூடத்தில் அவனுக்கு உத்தியோகம். தடித்த கண்ணாடி, மெலிந்த உடம்பு. மாமியார் வீட்டில் கறிசோறு சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருக்க வேண்டியவன், ஆலையில் தண்டு தானாக உடைகிறது என்று கேள்விப்பட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இதில் ஒரு சங்கடம். அந்த வீட்டு வழக்கப்படி மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். மகள் அடுப்படியில் இருந்தாள். அந்த நேரம் ஆலையில் நின்ற ஆள் சின்னப்பராஜ் ஒருவன்தான். ஆகவே பத்தடி தூரத்தில், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பாதி முதுகைக் காட்டி நின்ற குள்ளம்மாள் கேட்டதையெல்லாம் அவன் மருமகனுக்குச் சொல்ல வேண்டும். மருமகன் சொன்னதை அவளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கக்கூடாது.

சென்னப்பன் ராடுப் பெட்டியை எடுத்துச் சிவப்பு வரிகளைப் படித்தான். நனையாமல் வைக்கவும், வேலைக்கு முன் இரண்டு மணி நேரம் கடும் சூட்டில் உலர்த்தவும் என்று போட்டிருப்பதாகச் சொன்னான். பிறகு மரியாதையாக, "அண்ணா, இத எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டான்.

சின்னப்பராஜ் தொண்டையைச் செருமினான். மந்திரித்த தண்ணீரைப் பற்றிச் சொன்னான். ஏழு தெளிப்பு வரை போனதையும் சொன்னான். இட்லிப் பானையைப் பற்றிச் சொல்லும்போது குரல் கிணற்றுக்குள் போனது.

பத்தடி தூரத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

"மாப்பிள்ளைகிட்ட இதயும் சொல்லிரு சின்னப்பா. நீ சாப்புடப் போனப்பல்லாம் நானும் மாரியம்மன் கோயில் மஞ்சத்தண்ணிய ராடு மேல ஒரு சொம்பு ஊத்தியிருக்கறேன். உஞ் சாமி பாக்கலீன்னா எஞ் சாமியாவது பாக்கட்டும்னுதான்."

சென்னப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அவன் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை, காட்டினான். அதனால்தான் சின்னப்பராஜுக்கு அவன்மேல் மதிப்பு வந்தது. ஈர ராடால் ஒரு சின்ன இரும்புத் துண்டின்மேல் ஒரு வரி ஒட்டச் சொன்னான். சுடச்சுட அதைத் தண்ணீரில் முக்கித் துடைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிய விளக்கெண்ணெய்க்குள் போட்டான். எண்ணெய் குள்ளம்மாள் மாட்டுக்கு வைத்திருந்தது.

துண்டு ஆறிப்போய் அடியில் கிடந்தது. ஆனால் ஒட்டிலிருந்து கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி முளைத்தது. அது கெட்டி எண்ணெயில் சோம்பலாக மேலே ஏறியது. பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக. ஆலையில் வேலைநிறுத்தம் மாதிரி எல்லோரும் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் குமிழி நிற்கவில்லை.

"மாப்பிள்ளையக் கேளு, ஆறின இரும்பு எண்ணெயில எப்படிக் கொதிக்குதுன்னு."

சென்னப்பன் சொன்னது இதுதான். தண்ணீருக்குள் ஹைட்ரஜன் என்று ஒரு வாயு கட்டுண்டு கிடக்கிறது. வெல்டிங் தீயில் கட்டு அவிழ்கிறது. உலகத்தில் அதைவிடப் பொடியான சரக்கு இல்லை. உருகிய இரும்புக்குள் சர்க்கரை பாலில் கரைகிற மாதிரி கரைந்துவிடும். இரும்பு ஆறி இறுகியதும் உள்ளே இடம் போதாது. சுவரோ திண்ணமான சுவர். மெல்ல மெல்ல ஊர்ந்து ஒட்டின் ஓரத்தில் ஓர் இடத்தில் கூட்டம் கூடி நெருக்கும். மெல்லிய கம்பியாக இருந்தால் சீக்கிரம் வெளியே வந்துவிடும். தடித்த தண்டில் வழி நீளம். அதற்குள் இரும்பின் பொறுமை போய்விடும். அதுதான் டிக்.

கேட்டுக் கம்பி ஏன் உடையவில்லை, தண்டு ஏன் உடைந்தது என்று இத்தனை நாளாகக் குடைந்த கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. தன் கை தப்பு செய்யவில்லை என்பதில் சின்னப்பராஜுக்கு முதல் சந்தோஷம்.

காற்றில் இருக்கிற நைட்ரஜன் அப்படி உள்ளே புகுமா என்று அவனே கேட்டான். நைட்ரஜன் வேறு மாதிரி என்றான் சென்னப்பன். சூடான இரும்பின் மேல்தோலில் பிடித்துக்கொண்டு தோலைக் கல்லாக்கும். ஆழம் போக அதற்குத் தெம்பு பத்தாது. அந்த இரண்டு வாயுவும் இரும்பின் தோலில் சந்தித்துக் கைகோத்தால் அம்மோனியா ஆகும், அதிலிருந்துதான் வயலுக்குப் போடுகிற யூரியா வருகிறது.

சின்னப்பராஜ் இதையெல்லாம் வாங்கி, தன் கைச்சரக்கையும் சேர்த்து, குள்ளம்மாளுக்கு எடுத்துச் சொன்னான். "அக்கா, நைட்ரஜன் வாசல்லயே நின்னுட்டுப் போற விருந்தாளிங்க. ஹைட்ரஜன் அடுக்கள வரைக்கும் நொழஞ்சு, எடத்தப் புடிச்சிக்கிட்டு, கடைசில வூட்டயே ரெண்டாக்கற விருந்தாளிங்க."

குள்ளம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டில் அந்த வாரம் இருந்த விருந்தாளி ஒருவன்தான். அவன் பாட்டிலை அவசரமாக உற்றுப்பார்த்தான்.

ராடைக் கடும் சூட்டில் உலர்த்த வேண்டும், முந்நூறு டிகிரிக்கு மேல். தண்டையும் ஒட்டுவதற்கு முன்னால் சூடாக்க வேண்டும், ஒட்டியபின் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அப்போதுதான் ஹைட்ரஜன் இரும்பை உடைக்காமல் தன் வழியே வெளியேறும். சென்னப்பனின் ஆராய்ச்சிக் கூடத்தில் இதற்கெல்லாம் மின்சார அடுப்பும் மீட்டரும் உண்டு. பாலக்கோட்டில் என்ன இருக்கிறது என்று அவன் கையை விரித்தான்.

இங்கேதான் மூன்றாம் வகுப்பு முன்னால் வந்தது. ஈயம் எத்தனை டிகிரியில் உருகும் என்று சின்னப்பராஜ் கேட்டான். முந்நூற்று இருபத்தேழு என்றான் சென்னப்பன். அவ்வளவுதான். ஒகேனக்கல்லில் மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு நான்கை வாங்கிவரச் செய்தான். வெல்லம் காய்ச்சுகிற அடுப்பின் வாய்க்குப் பக்கத்தில், நேர்த் தீ படாமல் ஓர் இரும்புத் தகடு, தகட்டின்மேல் ராடுகள், ராடுகளுக்கு நடுவில் ஓர் ஈயக்குண்டு. குண்டு சப்பையாகி வெள்ளியாக உருண்டதும் கரும்புச் சக்கையை இழுத்துத் தீயைத் தணித்தான். இறுகத் தொடங்கினால் ஒரு பிடி சக்கை. இப்படி இரண்டு மணி நேரம். சென்னப்பன் வாயைத் திறந்தபடி பார்த்தான். எங்கள் கூடத்து மீட்டர் இரண்டாயிரம் ரூபாய் என்று அவன் சொன்னதை, கேட்காமலே, சின்னப்பராஜ் குள்ளம்மாளுக்கு இரண்டு தடவை சொன்னான்.

மந்திரித்த தண்ணீரை நிறுத்தினால் பாவமா என்ற ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. பூசை வைக்கிற சாமியாரிடம் போய்க் கேட்டான். அவர் நெடுநேரம் யோசித்து, ஒட்டுவது ராடல்ல நீதானே, உன் தலையில் தெளித்துக்கொள் என்றார். அன்றிலிருந்து சின்னப்பராஜ் ஈரத் தலையோடு, காய்ந்த ராடோடு வேலைக்கு உட்கார்ந்தான்.

நான்காவது ஒட்டு. அடுப்பு வாயில் சூடேற்றிய தண்டு, எச்சில் துப்பினால் துள்ளி ஓடுகிற பதம். விளிம்பிலிருந்து விளிம்புவரை நிறுத்தாமல் ஒட்டினான். முடித்த கையோடு, அடுப்பிலிருந்து வாரிய சுடு சாம்பலுக்குள் நான்கு பேர் சேர்ந்து தண்டைப் புதைத்தார்கள். ஒன்றரை நாள் யாரும் தொடக்கூடாது என்றான் சென்னப்பன். பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்றரை நாளும் சின்னப்பராஜ் சாம்பல் குவியலைவிட்டு நகரவில்லை. ராஜமேரி களியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்பில் ஒரு கரும்புக் கணு வெடித்தாலும் களி உருண்டை பாதித் தொண்டையில் நிற்கும். பேச்சுத் துணைக்கு வந்த சென்னப்பன், பொழுது போவதற்காக ஒரு விஷயம் சொன்னான். ரஷ்யாவில் ஒரு பெரிய இரும்புச் சட்டிக்குள் சூரியனையே எரியவைக்கப் பார்க்கிறார்களாம். அதற்கு விறகு இந்த ஹைட்ரஜன்தான். ஆனால் அதில் எடை கூடிய வகை. ஒரே பெயருள்ள மூன்று அண்ணன் தம்பிகள், குணம் ஒன்று, கனம் மட்டும் ஒருமடங்கு, இருமடங்கு, மும்மடங்கு. அந்தக் கனத்த இரண்டு தம்பிகளும் எரியாமல் சட்டிச் சுவருக்குள் புகுந்துகொள்கிறார்கள். எவ்வளவு புகுகிறது, எவ்வளவு திரும்ப வருகிறது, சுவர் எத்தனை நாள் தாங்கும் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

"அவுங்க ராடக் காய வெச்சாங்களா?" என்று கேட்டான் சின்னப்பராஜ்.

கேள்வி அவ்வளவு தப்பில்லை, சட்டியின் உட்சுவரைக்கூடச் சூடேற்றி வாயுவை விரட்டித்தான் வேலையைத் தொடங்குவார்கள் என்றான் சென்னப்பன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதன் பிறகு பல வருஷம் பாலக்கோட்டுச் சந்தையில் சின்னப்பராஜ் வாயால் அதைக் கேட்காத ஆள் கிடையாது. "ரஷ்யாக்காரனுக்கும் நமக்கும் ஒரே பிரச்சனதாம்பா. நமக்குத் தீந்துருச்சு, அவனுக்கு இன்னும் தீரல."

சாம்பலைக் கிளறித் தண்டை எடுத்தார்கள். தூக்கினார்கள், மாட்டினார்கள். அன்று முழுக்க யாரும் சத்தமாகப் பேசவில்லை. மறுநாள் காலை கரும்பு ஏறியது, சாறு விழுந்தது. டிக் என்ற சத்தம் வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று வண்டி கட்டி வந்த நஞ்சப்பன் செட்டுக்குப் பதிலாக இரண்டு உருண்டை வெல்லம் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனான். தை, மாசி, பங்குனி என்று கரும்பு தீரும்வரை தண்டு நின்றது.

பேர் பரவியது. மொரப்பூர், பென்னாகரம் ஆலைக்காரர்கள் உடைந்த தண்டும் பல்சக்கரமுமாக வரிசையில் நின்றார்கள். ஈயக்குண்டு உருகாமல் சின்னப்பராஜ் ராடைத் தொடமாட்டான், அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போகச் சொல்வான். அடுத்த கடை என்று ஒன்று கிடையாது. இரண்டே வருஷத்தில் கையில் ஆயிரத்து இருநூறு சேர்ந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோதுதான் வினோதம். குள்ளம்மாள் வாங்கமாட்டேன் என்றாள். நேராகச் சொல்லவில்லை. இப்ப என்ன அவசரம் என்றாள். அடுத்த தடவை தலைவலி என்றாள். அதற்கடுத்த தடவை வீட்டில் இல்லை என்று உள்ளிருந்து அவளே குரல் கொடுத்தாள். சின்னப்பராஜுக்குப் புரிந்துபோயிற்று. கடன் இருக்கிறவரைதான் அவளுக்குக் கூலியில்லாத வெல்டர், எல்லோருக்கும் முன்னால். ஊரெல்லாம் காத்துக்கிடக்கிற ஆளை ஆயிரத்து இருநூறுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்குப் பைத்தியமா? ஒரு காலத்தில் அவள் தலை தெரிந்தால் சந்துக்குள் புகுந்தவன் அவன். இப்போது பணத்தை மடியில் கட்டிக்கொண்டு அவன் துரத்தினான், அவள் சந்துக்குள் புகுந்தாள். அந்த உயரத்துக்கு ஒளிவது கஷ்டம். இருந்தும் ஏழு மாதம் சமாளித்தாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி போகிற பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கீழே நின்று டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்காக, ஜன்னல் வழியாக ஒரு நீண்ட கை வெளியே வந்தது. அந்தக் கையைச் சின்னப்பராஜுக்கு அடையாளம் தெரியும்.

கண்டக்டரை ஒதுக்கிவிட்டு, விரித்த உள்ளங்கையில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்தான்.

"கைய எடுத்துராதீங்கக்கா. வெள்ளிக்கெழம. தானா வர லட்சுமியக் கீழ தள்ளுவீங்களா?"

ஜன்னலுக்குள் குள்ளம்மாளின் முகம் ஈயக்குண்டு மாதிரி இறுகியது. கை மட்டும் அசையவில்லை. வெள்ளிக்கிழமையன்று கைக்கு வந்த பணத்தைத் தட்டிவிட அவளால் ஆகாது. அது அவனுக்கும் தெரியும்.

"பஸ்ஸு போவுணும் சின்னப்பா."

"போவும்ங்க. எண்ணி முடிச்சா போவும்."

நூறு ரூபாய் நோட்டு நான்குதான் இருந்தது. மிச்சம் எண்ணூறும் பத்து ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக, ஊர் கேட்க, எண்ணினான். முப்பதுக்குப் பிறகு பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். எழுபதில் ஒரு நோட்டு கிழிசல் என்று குள்ளம்மாள் சொல்ல, மாற்றிக் கொடுத்துவிட்டு மேலே எண்ணினான். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று பஸ்ஸே சொன்னது. எண்பதாவது நோட்டை அவன் இரண்டு கையாலும் நீவிவிட்டு, அந்தப் பெரிய உள்ளங்கையில் மற்றவற்றின் மேல் வைத்தான்.